ஒரு சாகசத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில்

கேள்வி: ஆளுக்கொரு கதாபாத்திரமாக மேஜையைச் சுற்றி அமர்ந்து கதையை ஆடும் டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை நடத்துகிறேன். கதாபாத்திரங்கள் ஊர் திரும்பியதும் கொஞ்சம் டவுன்டைம், அதாவது சொந்த வேலைகளைப் பார்க்க இடைவெளி, கொடுப்பேன். மந்திரவாதியாக ஆடுபவர் மட்டும் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்கிறார், மற்ற மூவரும் சும்மா இருக்கிறார்கள். டவுன்டைமையே விட்டுவிடலாமா?

பதில்: தயவுசெய்து விடாதீர்கள். அந்த உலகத்தில் தங்களுக்கும் ஓர் இடம் உண்டு என்று ஆட்டக்காரர்கள் உணர்வது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

மந்திரவாதி மீது குற்றமில்லை. ஐந்தாம் பதிப்பில் ஒரு மந்திரத்தைத் தன் நூலில் எழுதிக்கொள்ள, அதன் நிலை ஒவ்வொன்றுக்கும் 2 மணி நேரமும் 50 பொற்காசும் ஆகும். இப்படி அவருக்கு விதியே வேலை கொடுத்துவிடுகிறது. போர்வீரராக ஆடுபவருக்கு அந்த அளவுக்கு இல்லை, அதனால் என்ன கேட்பதென்றே அவருக்குத் தெரிவதில்லை.

முதலில் எல்லை போடுங்கள். "பத்து நாள் இருக்கிறது, ஆளுக்கு இரண்டு காரியம்" என்று சொல்லிவிடுங்கள். பிளேட்ஸ் இன் த டார்க் என்ற இதே வகை ஆட்டத்தில் இதுதான் விதி: இரண்டு காரியம் இலவசம், அதற்கு மேல் வேண்டுமானால் காசையோ குழு சம்பாதித்த நற்பெயரையோ செலவழிக்க வேண்டும். எண்ணிக்கை குறைந்தாலே ஆட்டக்காரர் யோசித்துத் தேர்ந்தெடுப்பார். பெயர்த்து எழுதுவது, பொருள் வாங்குவது போன்ற கணக்கு வேலையெல்லாம் செஷனுக்கு முன்பே மெசேஜில் முடியட்டும். மேஜையில் ஆளுக்கு ஐந்து நிமிடம், ஒரே ஒரு காட்சி.

நீண்ட வேலைகளுக்கும் அந்த ஆட்டத்திலிருந்தே ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஒரு வட்டம் வரைந்து எட்டுத் துண்டாகப் பிரியுங்கள். ஒவ்வொரு டவுன்டைமிலும் பகடை உருட்டி, விழுந்ததைப் பொறுத்து ஒன்றோ இரண்டோ துண்டை நிரப்புங்கள். மாளிகை கட்டுவதோ காணாமல் போன தங்கையைத் தேடுவதோ, எதுவானாலும் எவ்வளவு மிச்சம் என்று எல்லோர் கண்ணுக்கும் தெரியும். உங்கள் ஆட்டத்தின் 2014 விதிநூலில் ஒரு புது மொழி கற்க 250 நாள் ஆகும். அத்தனை நாள் சும்மா இருக்க எந்தக் குழுவுக்கும் வாய்ப்பதில்லை. 2017-இல் வந்த துணைநூல் அதைப் பத்து வாரமாகக் குறைத்தது, புத்திக்கூர்மை இருந்தால் இன்னும் குறையும். நீங்கள் இதையே வைத்துக்கொள்ளுங்கள்.

போர்வீரர் "நான் ஓய்வெடுக்கிறேன்" என்று சொன்னால் அதோடு விட்டுவிடக் கூடாது. "என்ன செய்கிறாய்?" என்பதைவிட "யாரைப் பார்க்கப் போகிறாய்?" என்பது நல்ல கேள்வி. பழைய தளபதி, கடன் கொடுத்தவர், பேசாமல் பிரிந்த அண்ணன் என்று ஏதோ ஒரு பெயர் வரும். அந்த ஆளாக, பக்கத்தில் சும்மா இருக்கும் இன்னொரு ஆட்டக்காரரைப் பேச விடுங்கள். என் கணக்கில் உங்கள் பிரச்சினையில் பாதி இதிலேயே தீர்ந்துவிடும்.

வில்லனுக்கும் அதே பத்து நாள் உண்டு. அவன் திட்டத்துக்கும் ஒரு வட்டம் வரைந்து எல்லோரும் பார்க்கும்படி மேஜையில் வையுங்கள். அப்புறம் மந்திரவாதியே, "எனக்கு ஒரு காரியம் போதும், இன்னொன்றில் அவனைத் தேடுகிறேன்" என்று சொல்ல வாய்ப்பிருக்கிறது.