ஏற்றத்தில் வழுக்கும் செயின்: முழு செட்டையும் மாற்ற வேண்டுமா?

கேள்வி: நான் திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். ஆறு மாதத்துக்கு முன் ஜப்பானில் இருந்து வந்த பாவித்த 21 கியர் சைக்கிள் ஒன்று வாங்கினேன். பின்னேரங்களில் நிலாவெளி வரை ஓடுவேன், ஒரு குறையும் இல்லை. போன சனிக்கிழமை நண்பர்களோடு சைக்கிள்களை வான் ஒன்றில் ஏற்றிப்போய், கண்டியில் இருந்து நுவரெலியாவுக்கு ஓடினோம். புசல்லாவை தாண்டியதும், அழுத்தி மிதிக்கும்போதெல்லாம் ‘டக், டக்’ என்று செயின் வழுக்கத் தொடங்கியது. றம்பொடை ஏற்றத்தில் உருட்டிக்கொண்டுதான் போனேன். கடைசியில் வெறுமையாக மேலே போன மரக்கறி லொறி ஒன்று ஏற்றிவிட்டது. இப்போது கடையில் 27 கியர் செட் முழுவதையும் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. அந்தக் காசைக் கையிலேயே வைத்திருங்கள்.

நிலாவெளி றோட்டில் ஒரு குறையும் இல்லாத சைக்கிள் றம்பொடையில் ஏன் மறுத்தது? நிலாவெளி றோட்டு தட்டையானது. அங்கே செயினில் பெரிய இழுவை கிடையாது, பின்சில்லின் பற்சக்கரத்தில் தேய்ந்த பல்லும் செயினைப் பிடித்துக்கொள்ளும். கண்டி ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, நுவரெலியா 1,868 மீற்றரில். அந்த ஏற்றத்தில் உங்கள் முழுப் பாரத்தையும் மிதியில் போடுகிறீர்கள். அப்போதுதான் பல் கைவிடுகிறது.

சைக்கிளை வாங்கும்போது செயின் பளபளவென்று புதிதாக இருந்ததா? இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். பாவித்த சைக்கிள் விற்கும் தரகர்களின் வழக்கமான வேலை அது. பழைய செயினைக் கழற்றி எறிந்துவிட்டு, மலிவான புதுச் செயின் ஒன்றைப் போடுவார்கள். பின்சில்லில் இருக்கும் பற்சக்கர அடுக்கை, அதாவது பிறீவீலைத் தொடமாட்டார்கள். பழைய செயினும் பழைய பிறீவீலும் ஒன்றாகத் தேய்ந்தவை. செயின் நீள நீள, பல்லும் அதற்கேற்றபடி குழிந்துவிடும். அந்தக் குழியில் புதுச் செயின் சரியாக உட்காராது, பாரம் வந்ததும் மேலேறி வழுக்கும். போன வருடம் ஒருவர் இப்படிச் சில சைக்கிள்களை என்னிடம் கொண்டுவந்து, கழுவி, புதுச் செயின் மட்டும் போட்டுத் தரச் சொன்னார். செய்யமாட்டேன் என்று திருப்பி அனுப்பினேன். வேறு எங்கோ செய்துகொண்டிருப்பார், பிறகு அவற்றையும் யாரோ உங்களைப் போல ஒருவர் வாங்கியிருப்பார்.

இதைப் பார்க்கக் கண்கூடப் போதும். பிறீவீலின் நடுச் சக்கரங்களில் இருக்கும் பற்களைத் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். நல்ல பல் இரண்டு பக்கமும் ஒரே சரிவாக இருக்கும். தேய்ந்த பல் சுறாவின் செட்டை மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து, நுனி கூராக நிற்கும். முன்பு வைத்திருந்தவர் நடுச் சக்கரங்களில்தான் அதிகம் ஓடியிருப்பார், அதனால் அவைதான் முதலில் போகும். ஞாபகப்படுத்திப் பாருங்கள்: பின்னால் ஆகப் பெரிய சக்கரத்துக்கு மாற்றியதும் வழுக்கல் குறைந்ததா? குறைந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், பிறீவீல்தான்.

செயினை அளக்கவும் கடைக்காரர் தேவையில்லை. அங்குலம் போட்ட இரும்பு அடிமட்டம் ஒன்றை எடுங்கள். செயின் கண்ணிகளை இணைக்கும் முளைகளில் ஒன்றின் நடுவில் பூச்சியத்தை வையுங்கள். அதில் இருந்து 24 ஆவது முளையின் நடு, நல்ல செயினில் சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளி நின்றால் செயினை மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு தள்ளி நின்றால் செயினோடு பிறீவீலும் போய்விட்டது. அளவு சரியாக இருந்தும் வழுக்கினால், நான் மேலே சொன்ன தரகர் வேலைதான்.

ஆனால் இந்தக் கணக்கில் அடங்காத ஒன்று இருக்கிறது. நம் ஊரில் அடிக்கடி நடப்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நீங்கள் இருப்பது கடலோரம். சைக்கிள் இரவில் விறாந்தையில் நிற்கும், உப்புக்காற்று செயினுக்குள் போகும். நூற்றுக்கு மேற்பட்ட கண்ணிகளில் ஒன்றே ஒன்று துருப்பிடித்து இறுகிவிட்டால் போதும், அதே ‘டக்’ சத்தம் வரும். வித்தியாசம் என்னவென்றால், இது எந்தச் சக்கரத்தில் ஓடினாலும் வரும், ஒழுங்கான இடைவெளியிலும் வரும். மூன்று நான்கு மிதிக்கு ஒருதரம் என்று எண்ணிவிடலாம், ஏனென்றால் அந்தக் கண்ணி ஒரு முழுச் சுற்றுச் சுற்றித்தான் திரும்பி வருகிறது. தேய்ந்த பல்லின் வழுக்கலுக்கு அந்த ஒழுங்கு கிடையாது, அழுத்தும்போது வரும், விட்டால் நிற்கும். சைக்கிளை நிறுத்தி, மிதியை மெதுவாகப் பின்பக்கம் சுற்றுங்கள். பின்சில்லுக்குக் கீழே தொங்கும் இரண்டு சின்னச் சக்கரங்களின் வளைவில் கண்ணை வைத்திருங்கள். இறுகிய கண்ணி அந்த வளைவில் வளையாமல் விறைத்துக்கொண்டு எழும்பும். கண்டுபிடித்தால் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுக் கொஞ்ச நேரம் ஊறவிடுங்கள். பிறகு அதன் இரு பக்கமும் இரண்டு கைகளாலும் பிடித்து, பெருவிரல்களால் பக்கவாட்டில் மெல்ல அசையுங்கள். மேலும் கீழுமாக மடிக்கும் பக்கம் அல்ல, உள்ளேயும் வெளியேயும். விரலுக்கே தெரியும், ‘கிளிக்’ என்று இளகும். முடிந்தது வேலை. இந்த ஒரு கண்ணிக்காக முழு செட்டையும் மாற்றிவிட்டு வந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். அப்படிக் காணும்போது வயிறு எரிகிறது.

27 கியர் விஷயத்துக்கு வருவோம். உங்களுடையது முன்னால் 3, பின்னால் 7, பெருக்கினால் 21. அவர்கள் சொல்வது பின்னால் 9. அதைப் போடப் போனால் கியர் மாற்றும் கைப்பிடி, செயின், பெரும்பாலும் பின்சில்லின் நடுக்குடம்வரை மாற்ற வேண்டிவரும். இவ்வளவும் செய்தாலும் ஏற்றம் இலேசாகும் என்ற உறுதி இல்லை. ஏற்றத்துக்கு எத்தனை கியர் என்பது முக்கியமே இல்லை. முன்னால் ஆகச் சின்னதில் எத்தனை பல், பின்னால் ஆகப் பெரியதில் எத்தனை பல் என்பதுதான் கேள்வி. இரண்டும் 28 ஆக இருந்தால், 26 அங்குலச் சில்லு ஒரு முழு மிதிக்கு ஏறக்குறைய 2 மீற்றர் போகும். முன்னால் 42 இருந்தால் அதே மிதிக்கு 3 மீற்றருக்கு மேல் இழுக்க வேண்டும். றம்பொடையில் அந்த ஒரு மீற்றர்தான் ஆளை இறக்கிவிடுகிறது. பிறீவீலை எப்படியும் மாற்றப்போகிறீர்கள் என்றால், ஆகப் பெரிய சக்கரத்தில் 34 பல் உள்ள 7 கியர் பிறீவீலாகப் பார்த்து வாங்குங்கள். அதோடு ஒரு புதுச் செயின். இவ்வளவே போதும்.

ஒரு மோட்டார் சைக்கிள் என்றால் பதிவுப் புத்தகம், வருமான அனுமதிப்பத்திரம், புகைச் சான்றிதழ் எல்லாம் கேட்கிறார்கள். பாவித்த சைக்கிளின் நிலையைப் பார்க்க அப்படி எதுவும் கேட்பதில்லை. 2022 இல் பெற்றோல் வரிசையில் நாடே நின்றபோது சைக்கிள் விலை எகிறியது, எத்தனையோ பேர் இந்தத் தரகில் இறங்கினார்கள். விற்பவர் ஒரு துண்டில்கூட எழுதித் தருவதில்லை, சைக்கிளின் பிறேமில் வெடிப்பு இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதும் இல்லை. வேலைக்குப் போகிறவரும் பள்ளிக்கூடப் பிள்ளையும் ஓடும் வாகனம்தானே இது? அவர்கள் உயிருக்கு ஒரு பரிசோதனை வேண்டாமா? பல வருடங்களாகக் கேட்கிறேன், யாருக்கும் காதில் ஏறவில்லை.

உங்கள் நண்பர்கள் யாராவது பாவித்த சைக்கிள் வாங்கப்போனால், கடற்கரை றோட்டில் ஓடிப் பார்த்துவிட்டு வந்துவிட வேண்டாம். திருகோணமலையில் உள்ள உவர்மலை ஏற்றத்துக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். இருக்கையில் இருந்து எழும்பி, நடுச் சக்கரத்தில் வைத்து அழுத்தி மிதிக்கட்டும். ‘வெயிலாக இருக்கிறது, இங்கேயே ஓடிப் பாருங்கள்’ என்று விற்பவர் சொன்னால், அந்தச் சைக்கிளை விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

உங்களுக்கு இன்னொன்று. நீங்கள் லொறியில் ஏறிப் போனதால் இறக்கத்தைப் பற்றி எழுதவில்லை. அடுத்தமுறை போகுமுன் பிறேக் கட்டைகளை நகத்தால் கீறிப் பாருங்கள், கல்லாக இருந்தால் மாற்றுங்கள். பல இடங்களில் ஒட்டுப் போட்ட ரியூப்போடு மலைக்குப் போக வேண்டாம். நீண்ட இறக்கத்தில் பிறேக்கை விடாமல் பிடித்தால் றிம் சுடும், அந்தச் சூட்டில் முதலில் கழலுவது பழைய ஒட்டுத்தான். பிறீவீலை எங்கே மாற்றினாலும், கழற்றிய பழையதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.