வாரக் கடைசியில சுங்கை சிப்புட்: பால், நெய் இல்லாம சாப்பிட என்ன வழி?

கேள்வி: வணக்கம் அக்கா. நாங்க கிள்ளான்ல இருக்கோம், நாலு பேரு. வர்ற சனி ஞாயிறு வீட்டுக்காரரோட சொந்த ஊரு சுங்கை சிப்புட்டுக்கு வர்றோம், அவங்க பொறந்த தோட்டத்துல இப்ப சொந்தக்காரங்க யாரும் இல்ல, அதனால ஹோம்ஸ்டே பாத்திருக்கோம். பெரிய மக ஒரு வருஷமா வீகன், பால், தயிர், நெய், முட்டை, தேன் எதையும் தொட மாட்டா. ஹோம்ஸ்டேகாரங்க வீகன் பேக்கேஜ்னு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 45 வெள்ளி கூட கேக்குறாங்க. எடுக்கலாமா, வெளிய சாப்பிட்டுக்கலாமா? போன தடவ ஒரு ஊருக்குப் போனப்ப பிள்ள வெறும் சோத்தையும் ஊறுகாயையும் சாப்பிட்டுட்டு வந்தா, எனக்கு மனசே கேக்கல.

பதில்: தங்கச்சி, அந்தக் காச இப்ப கட்டிடாதீங்க. நாலு பேரு, ரெண்டு நாளுன்னா 360 வெள்ளி ஆகுது, ஆனா வீகன் சாப்பிடுறது ஒரு பிள்ள தான். அவளுக்கு மட்டும் எடுக்க முடியுமான்னு கேளுங்க, அதுக்கு முன்னாடி காலைல பசியாற என்ன, மத்தியானம் என்ன, ராத்திரி என்னன்னு ஒவ்வொரு ஐட்டமா வாட்சாப்புல எழுதித் தரச் சொல்லுங்க. எழுதித் தர தயங்குனாங்கன்னா அவங்களுக்கே என்ன சமைக்கப் போறோம்னு தெரியலன்னு அர்த்தம். நம்ம ஆளுங்ககிட்ட வீகன்னு சொன்னா "ஓ, சைவம் தானே"ன்னு தான் எடுத்துக்குவாங்க, சைவத்துல பாலும் தயிரும் நெய்யும் உண்டு, நம்ம வீட்டுலயே விரதம்னா பாயாசம் இல்லாம முடியுதா சொல்லுங்க. அதனால வீகன்ங்கிற வார்த்தைய நம்பாதீங்க, வேணாங்கிறத ஒண்ணு ஒண்ணா பேர் சொல்லி சொல்லுங்க.

அதுலயும் ஒரு விசயம் இருக்கு. போன வருஷம் என் தங்கச்சி மக வந்திருந்தப்ப, அவளும் இதே மாதிரி தான், ஒரு கடைக்கு கூட்டிட்டுப் போயி நெய் வேணாம்னு ரெண்டு தடவ சொன்னேன், சரிக்கான்னாங்க, தோசையும் வந்துச்சு, மேல நெய் இல்ல, ஆனா ஓரமெல்லாம் மஞ்சளா மினுமினுன்னு இருந்துச்சு. எந்திரிச்சுப் போயி அடுப்பாண்ட பாத்தா, பாதியா வெட்டுன வெங்காயத்த மார்ஜரின் டின்னுல முக்கி முக்கி கல்ல தேச்சுக்கிட்டு இருக்காங்க. சில மார்ஜரின்ல பால் பொடி சேர்ந்திருக்கும், பிள்ள சாப்பிடல. அதுலேர்ந்து நான் "கல்லுக்கு என்ன தேய்க்கிறீங்க, எண்ணெய் மட்டும் போடுங்க"ன்னு தான் கேக்குறது.

எங்க ஊரு மாதிரி தோட்டத்து டவுன்ல காலைல கவலையே இல்ல. இட்லி, புட்டு, தேங்காப்பூவும் நாட்டுச் சக்கரையும் போட்ட இடியாப்பம், எண்ணெய்ல சுட்ட தோசை, உளுந்து வடை, எல்லாமே அவ சாப்பிடலாம். வடைக்கு மட்டும் எறா வடை சுட்ட அதே சட்டியான்னு கேட்டுக்குங்க. சாம்பாரு நெய்ல தாளிச்சதான்னும் கேக்கணும், தேங்கா சட்னில சில கடையில தயிர் கலக்குறாங்க. பொங்கல், உப்புமா, கேசரி பக்கம் போக வேணாம், நெய் தான். ரொட்டி சானாய் பாக்க வெறும் மாவு மாதிரி இருக்கும், ஆனா மாவு பிசையும்போதே சூசூ பெக்காட்டோ, அதான் டின் கட்டிப்பாலோ, முட்டையோ நெய்யோ போடுற கடைங்க நிறைய, அத விட்டுடுங்க.

மத்தியானம் வாழ இலைச் சாப்பாடு நல்லது, ஆனா இலையில மூணு இடத்துல மாட்டிக்குவீங்க. மோர் மிளகா பாக்க காஞ்ச மிளகா மாதிரி இருந்தாலும் அத தயிர்ல இல்ல மோர்ல ஊற வச்சு காயப்போட்டது, அத மொதல்ல எடுத்திடச் சொல்லுங்க. பருப்புல நெய் ஊத்திட்டாங்களான்னு பாருங்க. கறி மீனு சமைக்கிற கடைன்னா கீரையில நெத்திலியோ காஞ்ச எறாவோ கெடக்கும், அத கடைக்காரங்க சொல்ல மாட்டாங்க, அவங்களுக்கு அது ருசிக்குப் போடுறது, மச்சத்துல சேர்த்தியே இல்ல. ரசமும் அப்பளமும் பெரும்பாலும் பரவால்ல. முடிஞ்சா 11 மணிக்கே போன் அடிச்சு சொல்லி வச்சிடுங்க, அந்த நேரம் தான் தாளிக்கிறது, ஒரு கரண்டி தனியா எடுத்து வைக்க சொன்னா எங்க ஊரு அக்காமாருங்க மனசோட செய்வாங்க.

மலாய் கடையிலயோ மாமாக் கடையிலயோ (இந்திய முஸ்லிம் கடை) "தா மாக்கான் டாகிங்"னு, அதாவது இறைச்சி சாப்பிட மாட்டோம்னு, சொன்னா கோழி வரும், ஏன்னா டாகிங்னா அவங்களுக்கு பெரும்பாலும் மாட்டுக்கறி தான். அதனால "தா மாவ் ஆயாம், இக்கான், ஊடாங், தெலோர், சூசூ, மின்யாக் சாப்பி, பெலாச்சான்"னு முழுசா சொல்லுங்க, அதாவது கோழி, மீனு, எறா, முட்டை, பால், நெய், அரைச்ச எறா விழுது எதுவும் வேணாம்னு அர்த்தம், பிள்ள போன்ல மலாய்ல டைப் பண்ணி வச்சு காட்டிட்டா இன்னும் லேசு. நாசி லெமாக் சோறு தேங்காப்பால் தான், ஆனா சம்பால்ல இக்கான் பிலிசும், அதான் நெத்திலியும், பெலாச்சானும் இருக்கும். கங்கோங் கீரை பிரட்டுனா பெலாச்சான், சாயுர் கோரேங்னா (காய் பிரட்டல்) சோஸ் தீராம், அதான் சிப்பி சாஸ், ரெண்டையும் போடாம கேளுங்க.

ஈப்போ பக்கம் போனா சீனர் சைவக் கடைங்க இருக்கு, சீன மாசத்துல 1ஆம் நாளும் 15ஆம் நாளும் நிறைய பேரு சைவம் சாப்பிடுவாங்க, அன்னைக்கு கூட்டமா இருக்கும். அங்க வெங்காயம் பூண்டு கூட இல்லாம சமைக்கிறாங்க, ஆனா முட்டையும் பாலும் சில கடையில உண்டு, அந்த கறி மாதிரி செய்யிற டூப்பு கறி சிலதுல முட்டை வெள்ளை சேர்க்கிறாங்க, தௌவும் (டோஃபு) காயும் எடுத்தா பயம் இல்ல. பிள்ளைக்கு இனிப்பு வேணும்னா தாவ் பூ பா வாங்கிக் குடுங்க, சோயா பாலும் சக்கரைப் பாகும் தான், ஈப்போவுல அது ரொம்ப நல்லா இருக்கும். தம்பூன் பம்ளிமாஸும் மெங்லெம்பு கச்சானும் (நிலக்கடலை) கார்ல வச்சுக்குங்க. கோலகங்சார்ல 1877ல நட்ட பழைய ரப்பர் மரத்த வீட்டுக்காரரு கண்டிப்பா காட்டுவாரு, தோட்டத்துல பொறந்தவரு இல்லையா, பாத்துட்டு பக்கத்துல லக்சா சாப்பிடலாம்னு கூப்பிட்டா மகளுக்கு மட்டும் வேணாம், அது மீனு குழம்பு.

கேள்வி: போன மாசம் வேற ஒரு இடத்துல காசு கட்டித் தங்குனோம் அக்கா, ஆனா வீகன் பசியாறன்னு சொல்லிட்டு ரொட்டியும் பட்டரும் பால் தேத்தண்ணியும் வச்சாங்க. திருப்பிக் கேக்கலாமா?

பதில்: கேக்கணும். மொதல்ல அங்கயே போட்டோ எடுத்திருந்தா அதையும், அவங்க எழுதுன விளம்பரத்தையும், ரசீதையும் சேர்த்து வாட்சாப்புலயோ இமெயில்லயோ அனுப்பி பணத்த கேளுங்க, வாயால மட்டும் கேக்காதீங்க. குடுக்கலன்னா பயனீட்டாளர் நீதிமன்றம், அதான் திரிபுனால் துந்துத்தான் பெங்குனா, 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்துக்குக் கீழ வர்றது, 50,000 வெள்ளி வரைக்கும் கேஸ் எடுப்பாங்க, கட்டணம் 5 வெள்ளி, லாயர் தேவையில்ல, மூணு வருஷத்துக்குள்ள போடணும். சின்னத் தொகை தானேன்னு விட்டுட்டா அடுத்து வர்ற குடும்பத்துக்கும் அதே ரொட்டிய தான் வைப்பாங்க.

கேள்வி: த்ரீ இன் ஒன் காப்பி, தேத்தண்ணி பாக்கெட்டுல "கிரிமர் புக்கான் தெனுசு"ன்னு, அதாவது பால் சேராத கிரிமர்னு, போட்டிருக்கு, பால் இல்லன்னு எடுத்துக்கலாமா?

பதில்: வேணாம். பின்னாடி பொருள் பட்டியல்ல சோடியம் கேசினேட்னு இருக்கான்னு பாருங்க, அது பால்லேர்ந்து எடுக்கிறது. தே ஓ, அதான் பால் இல்லாத தேத்தண்ணிக்கு, தேயிலைப் பைய எடுத்துட்டு வந்துடுங்க. கோப்பி ஓன்னா (பால் இல்லாத காப்பி) கொட்டைய சக்கரையோட மார்ஜரின் இல்ல பட்டர் போட்டு வறுக்கிறதும் உண்டு, அதையும் கடையில கேட்டுக்குங்க.