கணினியில் 2.45, கையில் 2.53

கேள்வி: வைஃபைக்காக 1.6 மி.மீ. எஃப்ஆர்-4 (கண்ணாடியிழை) போர்டில் பேட்ச் ஆன்டெனா (தட்டையான செம்புத் துண்டு) வடிவமைத்தேன். நீளம் 27.9 மி.மீ. சிமுலேஷனில் ரெசனன்ஸ் (ஆன்டெனா சிறப்பாக வேலை செய்யும் அலைவெண்) 2.45 கிகாஹெர்ட்ஸ், போர்டு செய்து அளந்தால் 2.53. மென்பொருளில் கோளாறா? – சேலம் வாசகர்

பதில்: மென்பொருள் பாவம், கொடுத்த எண்ணுக்குத்தான் கணக்குப் போட்டது. 27.9 என்ற நீளத்தைப் பார்த்தாலே டை-எலக்ட்ரிக் மாறிலி (போர்டுப் பொருளின் மின்பண்பைச் சொல்லும் எண்) 4.7 என்று கொடுத்திருக்கிறீர்கள் எனத் தெரிகிறது. டேட்டாஷீட்டில் இருக்கும் அந்த எண் பெரும்பாலும் 1 மெகாஹெர்ட்ஸில் அளந்தது. அலைவெண் ஏற ஏற அது இறங்கும், 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் 4.4 என்று வைத்தால் அகலம் 37.3, நீளம் 28.8 மி.மீ. வரும். உங்கள் பேட்ச் ஏறக்குறைய 1 மி.மீ. குட்டை. 80 மெகாஹெர்ட்ஸ் தள்ளிப்போக அதுவே போதும்.

போர்டைத் தூக்கிப் போட வேண்டாம். ஃபீட் லைனுக்கு (சிக்னல் வரும் கோடு) எதிர் விளிம்பில் காப்பர் டேப்பை 2 மி.மீ. வெளியே நீட்டி ஒட்டுங்கள். டேப்பின் பசை மின்சாரத்தை ஒழுங்காகக் கடத்தாது. அதனால் விளிம்பு நெடுக சால்டர் வையுங்கள். பிறகு பிளேடால் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கி 2.45-க்குக் கொண்டுவாருங்கள். ஆன்டெனாவை அளக்கும் கருவியான வி.என்.ஏ.வின் ஓபன், ஷார்ட், லோடு காலிபரேஷனை போர்டு மாட்டும் கேபிள் முனையில் செய்யவேண்டும், கருவியின் வாயில் அல்ல. 1.5 கிகாஹெர்ட்ஸோடு நிற்கும் பழைய நானோ வி.என்.ஏ. இதற்கு உதவாது.

எஸ்11 (ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் சிக்னலின் அளவு) மைனஸ் 20 டெசிபல் காட்டினாலும் உடனே மகிழ வேண்டாம். ஆன்டெனாவுக்குப் பதில் 50 ஓம் டம்மி லோடைச் (வெறும் மின்தடை) செருகினாலும் எஸ்11 பிரமாதமாகத்தான் தெரியும், வெளியே ஒன்றும் போகாது. எஃப்ஆர்-4-இன் லாஸ் டேஞ்சன்ட் (ஆற்றல் இழப்பைக் காட்டும் எண்) சுமார் 0.02, ஆற்றலில் கணிசமான பங்கை போர்டே வெப்பமாக மாற்றிவிடும். சிமுலேஷனில் எஃபிஷியன்சியையும் (கொடுத்த ஆற்றலில் வெளியே போகும் பங்கு) பாருங்கள். இன்னொன்று: 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை பட்டை 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை. 1.6 மி.மீ. தடிமனில் பேட்ச்சின் பட்டை அகலம் அதை முழுதாக மூடத் திணறும். 3.2 மி.மீ. போர்டுக்கு மாறினால் பட்டை அகலம் கூடும். அளவுகளை மட்டும் புதிதாகக் கணக்கிட வேண்டும்.

கேள்வி: ஓபன்இ.எம்.எஸ். என்ற சிமுலேஷன் மென்பொருளில் ஒரு சிறிய ஆன்டெனாவுக்கே இரவு முழுக்க ஓடுகிறதே? – மதுரை வாசகர்

பதில்: செம்பை 0.035 மி.மீ. தடிமனுள்ள கட்டியாக வரைந்திருந்தால் அதுதான் காரணம். இடத்தைக் கட்டங்களாகவும் நேரத்தைப் படிகளாகவும் பிரித்துக் கணக்கிடும் எஃப்.டி.டி.டி. முறையில் மிகச் சிறிய கட்டம் எதுவோ அதுதான் நேரப் படியைத் தீர்மானிக்கும். ஒரு மெல்லிய அடுக்கால் மொத்தமும் நத்தையாகும். செம்பைத் தடிமன் இல்லாத தகடாக மாற்றுங்கள். சப்ஸ்ட்ரேட்டின் (செம்புக்கு அடியிலுள்ள போர்டு) தடிமனுக்கு 4 கட்டம் போதும். மற்ற இடங்களில் கட்டத்தின் அளவு அலைநீளத்தில் 20-இல் ஒரு பங்கு. உறிஞ்சும் எல்லையை (வெளியேறும் அலை திரும்பாமல் விழுங்கும் ஓரம்) ஆன்டெனாவிலிருந்து 30 மி.மீ.யாவது தள்ளி வையுங்கள். நேரம் மிச்சமாகட்டும் என்று அதை நெருக்கினால் விடையே தப்பாகும்.

கேள்வி: பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்ததும் ரெசனன்ஸ் கீழே இறங்குகிறது. – திருநெல்வேலி வாசகர்

பதில்: இறங்கத்தான் செய்யும். பெட்டியையும் சேர்த்தே சிமுலேட் செய்து, பேட்ச்சின் நீளத்தை அதற்கேற்பக் குறையுங்கள்.