‘இங்கிலீஷ் வந்தா சரியாயிடும்’ என்கிறது பள்ளி: காத்திருக்கலாமா?

கேள்வி: கோயம்புத்தூரிலிருந்து டெக்சாஸ் வந்து எட்டு மாதம் ஆகிறது. டல்லாஸ் பக்கம் இருக்கிறோம். மகனுக்கு ஆறரை வயது. அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. வகுப்பில் வாயே திறப்பதில்லை, சொன்னதைச் செய்வதில்லை என்கிறார் டீச்சர். ஸ்பெஷல் எஜுகேஷனுக்கு டெஸ்ட் எடுக்க முடியுமா என்று கேட்டேன். “அவனுக்கு ஆங்கிலம் புதிது, இன்னும் ஒரு வருடம் பார்க்கலாம்” என்கிறார்கள். வீட்டில் தமிழை விட்டுவிட்டு ஆங்கிலத்தில் பேசச் சொல்கிறார்கள். ஊரில் இருந்தபோதே அவன் பேச்சில் எனக்குச் சந்தேகம் இருந்தது. கணவரோ, “எழுதிக் கொடுத்தால் பிள்ளை மேல் முத்திரை விழும், விசாவுக்கும் சிக்கல் வரும்” என்று தடுக்கிறார். என்ன செய்வது?

பதில்: காத்திருக்க வேண்டாம். தமிழையும் விட வேண்டாம்.

உங்கள் கேள்வியில் முக்கியமான வரி, ஊரில் இருந்தபோதே சந்தேகம் இருந்தது என்பதுதான். புது நாட்டுக்கு வந்த குழந்தை வகுப்பில் சில மாதம் பேசாமல் இருப்பது சகஜம். ஆனால் அந்தக் குழந்தை வீட்டுக்கு வந்ததும் தமிழில் வெளுத்து வாங்கும். ஆங்கிலம் தெரியாததுதான் பிரச்சினை என்றால் அது ஆங்கிலத்தில் மட்டுமே தெரியும். மொழி கற்பதிலேயே தடை இருந்தால் தமிழிலும் தெரியும். இதைப் பள்ளியால் பார்க்க முடியாது. உங்களால் மட்டுமே முடியும்.

ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, இரண்டு வாரத்துக்கு அவன் பேசுவதை அப்படியே எழுதி வையுங்கள். திருத்தாமல் எழுத வேண்டும். ஆறரை வயதுப் பிள்ளை, “நேத்து பாட்டிகிட்ட போன் பேசும்போது கரண்ட் போயிடுச்சு, பாட்டி பயந்துட்டாங்க” என்று ஒரு சம்பவத்தை முன்பின் கோத்துச் சொல்லிவிடும். உங்கள் மகன் “பாட்டி போன்... கரண்ட்... போச்சு” என்று நின்றுவிடுகிறானா? “நான் வந்தான்”, “அம்மா போனேன்” என்று வினைமுற்று மாறி மாறி விழுகிறதா? “செருப்பக் கழட்டி வெச்சுட்டு, கை கழுவிட்டு வா” என்றால் கடைசி வேலையை மட்டும் செய்கிறானா? தேதி போட்டு எழுதுங்கள். கோவையில் இருக்கும் தாத்தா பாட்டியிடமும் கேளுங்கள். எப்போது முதல் வார்த்தை பேசினான், காதில் சீழ் வந்ததா என்பதெல்லாம் அவர்களுக்கு நினைவிருக்கும். ஊரில் டாக்டரோ தெரபிஸ்ட்டோ எழுதிய சீட்டு இருந்தால் அதையும் தேடி எடுங்கள். வெளி அறிக்கைக்குப் பள்ளி கட்டுப்பட வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் கொடுத்தால் அதைப் பரிசீலித்தே ஆக வேண்டும்.

இனி “ஒரு வருடம் பார்க்கலாம்” என்ற பதில். ஆங்கிலம் போதாததே முதன்மைக் காரணமாக இருந்தால் அந்தக் குழந்தையைக் குறைபாடு உள்ளவர் என்று முடிவு செய்யக் கூடாது என்று, ஐடியா எனப்படும் கூட்டாட்சிச் சிறப்புக் கல்விச் சட்டம் சொல்கிறது. நல்ல விதிதான். ஆனால் பல பள்ளிகள் இதையே சோதிக்காமல் இருப்பதற்கும் சாக்காகப் பிடித்துக்கொள்கின்றன. முத்திரை குத்தாதே என்பது வேறு, சோதிக்காதே என்பது வேறு. எது காரணம் என்று கண்டுபிடிக்கத்தானே சோதனை? அதோடு, பாடத்தை ஆங்கிலத்தில் புரிந்துகொள்ளும் அளவு மொழி வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும் என்பது இத்துறையில் பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. அதுவரை காத்திருந்தால் உங்கள் மகன் ஐந்தாம் வகுப்பையாவது எட்டியிருப்பான்.

டெக்சாஸில் இந்தத் தயக்கத்துக்கு ஒரு பழைய கதையும் உண்டு. சிறப்புக் கல்வி பெறும் மாணவர்கள் 8.5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது போன்ற ஓர் இலக்கை 2004 முதல் மாநிலக் கல்வித் துறை வைத்திருந்தது. 2016-ல் பத்திரிகை ஒன்று அதை அம்பலப்படுத்தியது. 2017-ல் சட்டமன்றம் தடை செய்தது. 2018 ஜனவரியில் கூட்டாட்சிக் கல்வித் துறையும் அது சட்ட மீறல் என்று அறிவித்தது. இலக்கு போய்விட்டது. “இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமே” என்ற பேச்சு மட்டும் சில இடங்களில் போகவில்லை.

நீங்கள் டீச்சரிடம் வாயால் கேட்டதால் எந்தக் கெடுவும் ஓடத் தொடங்காது. எழுதிக் கொடுக்க வேண்டும். பள்ளி முதல்வருக்கும் மாவட்டச் சிறப்புக் கல்வி இயக்குநருக்கும் ஒரே மின்னஞ்சலாக அனுப்புங்கள். ஆங்கிலத்தில் நாலு வரி போதும்: மகனின் பெயர், வகுப்பு; பேச்சு, மொழி, கற்றல் ஆகியவற்றில் குறைபாடு இருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன், தமிழிலும் இதே சிரமம் இருக்கிறது, சிறப்புக் கல்விக்கான முழு மதிப்பீடு கோருகிறேன். தேதி முக்கியம். “முடிந்தால்”, “தொந்தரவுக்கு மன்னிக்கவும்” எல்லாம் வேண்டாம். அது கோரிக்கையை ஆலோசனையாக மாற்றிவிடும்.

டெக்சாஸ் விதிப்படி 15 பள்ளி நாட்களுக்குள் எழுத்தில் பதில் வர வேண்டும். ஒன்று, சோதிக்கச் சம்மதம் கேட்டுப் படிவம் தருவார்கள். அல்லது மறுப்பதற்கான காரணத்தை எழுதித் தருவார்கள். கூடவே பெற்றோர் உரிமைக் கையேடும் வரும். வாயால் சுலபமாக “பார்க்கலாம்” என்றவர்கள், மறுப்பை எழுதிக் கையெழுத்துப் போட யோசிப்பார்கள். “முதலில் வகுப்பில் கூடுதல் பயிற்சி கொடுத்துப் பார்க்கிறோம்” என்றும் சொல்லலாம். சரி என்று சொல்லுங்கள், ஆனால் அது ஒரு பக்கம் நடக்கட்டும், அதைக் காட்டி மதிப்பீட்டைத் தள்ளிப்போட முடியாது.

நீங்கள் கையெழுத்திட்டுப் பள்ளியிடம் கொடுத்த நாளிலிருந்து 45 பள்ளி நாட்களில் அறிக்கை தயாராக வேண்டும். அதிலிருந்து 30 நாட்களுக்குள், தகுதி உண்டா என்று முடிவு செய்து தனித் திட்டம் எழுதும் கூட்டம். பல மாநிலங்களில் ஐஇபி மீட்டிங் என்பார்கள், டெக்சாஸில் அதற்கு ஏஆர்டி என்று பெயர். சம்மதம் தரும்போது கல்வியாண்டு முடிய 35 பள்ளி நாட்கள்கூட இல்லை என்றால், மீதி நாட்கள் கோடை விடுமுறை தாண்டித்தான் எண்ணப்படும். அதனால் கடிதத்தை வசந்த காலம் வரை இழுக்காதீர்கள்.

மதிப்பீட்டில் நீங்கள் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க வேண்டியது மொழி. சாத்தியமே இல்லை என்றால் தவிர, குழந்தையின் தாய்மொழியிலும் சோதிக்க வேண்டும் என்பது சட்டம். தமிழ் தெரிந்த நிபுணர் கிடைப்பது அபூர்வம். எனவே மொழிபெயர்ப்பாளரை வைத்துச் செய்வார்கள். உங்களையோ வீட்டில் வேறு யாரையோ அந்த இடத்தில் உட்காரச் சொன்னால் மறுத்துவிடுங்கள். வீட்டார் அறியாமலே குழந்தைக்கு விடையை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். இன்னொன்று, ஆங்கிலக் குழந்தைகளை வைத்து உருவாக்கிய தேர்வைத் தமிழில் வாய்விட்டு மொழிபெயர்த்துக் கேட்டு, அதற்கு அதே ஆங்கில மதிப்பெண் போடுவது தவறு. அறிக்கையில் அப்படி இருந்தால் கேள்வி கேளுங்கள். தமிழில் கதை சொல்ல வைத்துக் கேட்பதும், புதிதாக ஒன்றைச் சொல்லிக் கொடுத்து எவ்வளவு வேகமாகப் பிடிக்கிறான் என்று பார்ப்பதும் இன்னும் நம்பகமானவை. உங்கள் நோட்டு இங்கேதான் கைகொடுக்கும். காது, கண் பரிசோதனையும் கட்டாயம் நடந்திருக்க வேண்டும்.

தகுதி உண்டு என்று முடிவானால் ஐஇபி, அதாவது அவனுக்கென்று ஒரு தனித் திட்டம் எழுதுவார்கள். ஏஆர்டி கூட்டத்தில் எதிரே ஐந்தாறு பேர் உட்கார்ந்து படபடவென்று வாசிக்கும்போது, நம்மவர்கள் “சரிங்க மேடம்” என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவார்கள். வரைவை முன்கூட்டியே அனுப்பச் சொல்லுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றாலும் கேளுங்கள், செலவு பள்ளியுடையது. “பேச்சுத் திறன் மேம்படும்” என்ற இலக்கு வெறும் ஆசை. “மூன்று படங்களைக் காட்டினால், ஐந்தில் நான்கு முறை, முழு வாக்கியங்களில் வரிசையாகச் சொல்வான்” என்பதுதான் இலக்கு, வருடக் கடைசியில் அளக்க முடியும். சேவையும் அப்படியே: “தேவைப்படும்போது தெரபி” என்று எழுதினால் ஏற்க வேண்டாம். வாரம் எத்தனை முறை, எத்தனை நிமிடம் என்று எண் வேண்டும்.

கணவரின் பயத்துக்கு வருகிறேன். சிறப்புக் கல்வி என்றாலே தனி வகுப்பு என்று நினைக்கிறார் போலிருக்கிறது. கூடிய வரை மற்றப் பிள்ளைகளோடு வழக்கமான வகுப்பிலேயே வைத்திருக்க வேண்டும் என்பதுதான் சட்டம். பேச்சுத் தெரபிக்கு மட்டும் அரைமணி வெளியே போய்வரும் பிள்ளைகள் ஏராளம். மதிப்பீட்டுக்குச் சம்மதித்தால் சேவைக்கும் சம்மதித்ததாக ஆகாது. சேவை தொடங்க உங்கள் தனிக் கையெழுத்து வேண்டும், பின்னால் எழுத்தில் திரும்பப் பெறவும் முடியும். பள்ளிப் பதிவுகளை உங்கள் சம்மதமில்லாமல் சும்மா யாருக்கும் தரவும் முடியாது.

விசா? ஐடியா சட்டத்தில் குடியுரிமை நிபந்தனை எதுவும் இல்லை. ஆவணமே இல்லாத குழந்தைகளுக்கும் அரசுப் பள்ளிக் கல்வியை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1982-ல் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு டெக்சாஸின் டைலர் ஊரிலிருந்துதான் போனது. முறையான விசாவில் வந்த உங்களுக்கு ஸ்பீச் தெரபி பெறுவதால் விசா விதிமீறல் எதுவும் இல்லை. மனசு கேட்கவில்லை என்றால் உங்கள் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அதற்காகக் கடிதத்தை நிறுத்தி வைக்காதீர்கள்.

மதிப்பீடு முடிந்து “குறைபாடு இல்லை” என்று வந்து, உங்களுக்கு அதில் உடன்பாடு இல்லையா? வெளி நிபுணரிடம் பள்ளிச் செலவில் இன்னொரு மதிப்பீடு கேட்கலாம். பள்ளி அதற்குப் பணம் தர வேண்டும், இல்லையென்றால் தன் மதிப்பீடு சரி என்று விசாரணை அதிகாரி முன் நிரூபிக்க வேண்டும். ஏஆர்டியிலேயே ஒத்துப்போகவில்லை என்றால், 10 பள்ளி நாட்களுக்குள் மீண்டும் கூட ஒரு வாய்ப்புத் தருவார்கள். ஐஇபி அளவுக்குத் தகுதியில்லாத பிள்ளைக்கும் 1973-ம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ம் பிரிவில் முன்வரிசை இருக்கை, கூடுதல் நேரம் போன்ற வசதிகள் கிடைக்கலாம். அதையும் அதே கூட்டத்திலேயே கேட்டுவிடுங்கள்.

வீட்டில் பேச்சு தமிழிலேயே நடக்கட்டும். இரண்டு மொழி கேட்பதால் குறைபாடு வருவதுமில்லை, கூடுவதுமில்லை. உங்களுக்குச் சரளமில்லாத ஆங்கிலத்தில் பேசினால் அவன் கேட்கும் மொழி மெலிந்துபோகும், அவ்வளவுதான்.

அப்புறம், ப்ராஜெக்ட் மாறி நீங்கள் நியூஜெர்சிக்கோ கலிபோர்னியாவுக்கோ போக நேர்ந்தால், அங்கே புதுத் திட்டம் முடிவாகும் வரை புதிய பள்ளி இதற்கு இணையான சேவையைத் தர வேண்டும். மின்னஞ்சல், அறிக்கை, ஐஇபி எல்லாவற்றின் நகலையும் ஒரே ஃபைலில் போட்டு, பெட்டியில் வைக்காமல் கையோடு எடுத்துப் போங்கள்.