அமெரிக்க உள்நாட்டுப் போருக்குக் காரணம் அடிமைமுறையா, மாநில உரிமையா?

தெற்கு மாநிலங்கள் மாநில உரிமைக்காகத்தான், அதாவது மத்திய அரசு தலையிடாமல் மாநிலங்களே முடிவெடுக்கும் உரிமைக்காகத்தான் போரிட்டன என்று சொல்கிறார்களே, உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. 1850இல் மத்திய அரசு கொண்டுவந்த தப்பியோடிய அடிமைகள் சட்டத்தைப் பார்த்தாலே தெரியும்.

வடக்கே தப்பி வந்தவர்களைப் பிடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றது அந்தச் சட்டம். பிடிபட்டவர் தன் தரப்பில் சாட்சி சொல்ல முடியாது, ஜூரியும் கிடையாது. விசாரிக்கும் ஆணையருக்கு, அவரை உரிமையாளரிடம் ஒப்படைத்தால் 10 டாலர், விடுவித்தால் 5 டாலர். இதை எப்போது படித்தாலும் மனம் கொதிக்கிறது.

1854இல் வடக்கே உள்ள பாஸ்டனில், தெற்கிலிருந்து தப்பி வந்த அந்தோனி பர்ன்ஸ் என்பவரைப் படைவீரர்கள் சூழ்ந்து கப்பலுக்கு நடத்திச் சென்றதை ஆயிரக்கணக்கானோர் பார்த்தார்கள். எங்கோ தெற்கில் நடக்கும் விஷயம் என்றிருந்தவர்களுக்கு, அது தங்கள் தெருவுக்கே வந்துவிட்டது. வடக்கு மாநிலங்கள் சில ஒத்துழைக்க மறுத்துச் சட்டம் போட்டன. அந்த மாநில உரிமையைத் தெற்கு ஏற்கவே இல்லை!

அப்புறம் இன்னும் மாநிலமாகாத கான்சாஸ் பகுதியில் அடிமைமுறை வேண்டுமா என்று குடியேறிகளே முடிவு செய்யலாம் என்றதும், அங்கே ரத்தம் சிந்தியது. 1857இல், விடுதலை கேட்டு டிரெட் ஸ்காட் என்ற அடிமை தொடுத்த வழக்கில், கறுப்பின மக்கள் குடிமக்களே அல்ல என்றது உச்ச நீதிமன்றம். 1860இல், அடிமைமுறை பரவுவதை எதிர்த்த லிங்கன் அதிபர் தேர்தலில் வென்றதும், தெற்கு மாநிலமான சவுத் கரோலினா நாட்டிலிருந்து பிரிந்தது. அடிமைகளைத் திருப்பி அனுப்ப வடக்கு மறுத்ததையே தன் பிரகடனத்தில் முக்கியக் குறையாக எழுதி வைத்தது.