20 வேன்களையும் ஒரேயடியாக மின்வேனாக மாற்றலாமா?

கேள்வி: கூரியர் நிறுவனம் நடத்துகிறேன். 20 டீசல் வேன்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நாளுக்கு 120 கி.மீ. வரை ஓடும், இரவு பத்து மணி நேரம் டிப்போவில் நிற்கும். எல்லாவற்றையும் மின்வேனாக மாற்ற ஆசை. வழியில் சார்ஜ் தீர்ந்துவிடுமோ என்றுதான் பயம். மேலாளர்களின் கார்களுக்கு பிளக்-இன் ஹைபிரிட் (பிளக்கில் சார்ஜ் போட்டும், பெட்ரோலிலும் ஓடும் வகை) சரிவருமா?

பதில்: அந்தப் பயத்தை ஓரமாக வையுங்கள். 120 கி.மீ. ஓட நடுத்தர வேனுக்கு, சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து, ஏறத்தாழ 30 யூனிட் பிடிக்கும். குளிரிலும் முழுச் சுமையிலும் இன்னும் கூடும். 50 யூனிட் பேட்டரி அதைத் தாங்கும். உங்களுக்குத் தலைவலி வரப்போவது ரோட்டில் அல்ல, டிப்போவின் மின் இணைப்பில்.

மாலை ஏழு மணிக்கு வேன்கள் வந்து நிற்கும். டிரைவர்கள் வரிசையாக பிளக்கைச் செருகிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். தலைக்கு 7.4 கிலோவாட் என்றால், அந்த நேரத்தில் 148 கிலோவாட் லோடு. அதற்கு டிரான்ஸ்பார்மரையே மாற்ற வேண்டிவரலாம். அந்த வேலை மாதக்கணக்கில் இழுக்கும். ஆனால் மொத்தத் தேவையான 600 யூனிட்டை இரவு முழுக்கப் பரப்பினால் 60 கிலோவாட்டிலேயே முடிந்துவிடும். வேன்களுக்குள் முறைவைத்துப் பங்கிடும் லோடு மேனேஜ்மென்ட் வசதி சார்ஜரில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 22 கிலோவாட் சார்ஜரை யாராவது தலையில் கட்டப் பார்த்தால், வேனுக்குள்ளேயே இருக்கும் ஆன்-போர்டு சார்ஜர் எவ்வளவு வாங்கும் என்று கேளுங்கள். அது 7.4தான் என்றால் மீதிக்குக் கொடுக்கும் காசு தண்டம்.

ஆகவே முதலில் மின் இணைப்புக்கு விண்ணப்பம், பிறகுதான் வேனுக்கு ஆர்டர். அதுவும் ஐந்தாறு வண்டிகளோடு தொடங்குங்கள். வாடகைக் கார் நிறுவனமான ஹெர்ட்ஸ் 2024 ஜனவரியில் 20,000 மின்கார்களை விற்கப்போவதாக அறிவித்தது. மறுவிற்பனை மதிப்புச் சரிவும் விபத்துப் பழுதுச் செலவும் அதன் கையைச் சுட்டன. மறுவிற்பனை கவலை இருந்தால் குத்தகைக்கு எடுப்பதே மேல்.

மேலாளர்களின் பிளக்-இன் ஹைபிரிட் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் உண்டு. சாலையில் ஓடும் இவ்வகைக் கார்களின் கார்பன் வெளியீடு, சோதனைக்கூட அளவைப் போல் சுமார் 3.5 மடங்கு என்று ஐரோப்பிய ஆணையம் 2024-இல் சொன்னது. சார்ஜ் போடாமலே ஓட்டுவது இதற்கு முக்கியக் காரணம். பெட்ரோல் கம்பெனிக் கணக்கு, வீட்டுக் கரண்ட் பில் சொந்தக் கணக்கு என்றால் யார் பிளக்கைத் தொடுவார்கள்? வீட்டில் ஏற்றும் யூனிட்டுக்குப் பணம் கொடுங்கள். முடியாதென்றால் பிளக் இல்லாத சாதாரண ஹைபிரிட்டே போதும்.

மின்வேனில் இன்ஜின் ஆயில் செலவு மிச்சமாகும். ஆனால் பேட்டரி எடையால் டயர் சீக்கிரம் தேயும், அதற்கும் பட்ஜெட்டில் இடம் விடுங்கள். பேட்டரியின் கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் வாரண்டி செல்லும் என்பதை டீலரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.