மரத்தில் செதுக்கிய பேஸ்பால்

மதிப்பிற்குரிய ஐயா,

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க வார இதழ்களின் படங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபின் எனக்கும் அவற்றைச் சேர்க்கும் ஆசை வந்துவிட்டது. நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். மகன் பேஸ்பால் ஆடுகிறான் என்பதால் அந்த விளையாட்டிலிருந்தே தொடங்கலாம் என்று, ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’ இதழில் வந்த சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ் அணியின் படத்தை வாங்கினேன். அது அக்காலத்திலேயே கையால் வண்ணம் தீட்டப்பட்டது என்று விற்றவர் உறுதியாகச் சொன்னார். நம்பலாமா? நூலகத் தளங்களில் இத்தகைய படங்கள் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கும்போது, தாளை விலைகொடுத்து வாங்குவதில் பொருள் உண்டா? இனி வாங்குவதென்றால் எதை வாங்குவது?

கதிரவன்

அன்புள்ள கதிரவன்,

வண்ணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது அக்காலத்தது அல்ல. ரெட் ஸ்டாக்கிங்ஸ் அணியின் படம் 1869 ஜூலை 3 தேதியிட்ட இதழில் வந்தது. அந்த ஆண்டுகளில் ஹார்ப்பர்ஸ் வீக்லி கருப்பு மையில் மட்டுமே அச்சாகி வெளிவந்தது. பழைய தொகுதிகளைப் பிரித்து, பக்கங்களைச் சட்டமிட்டு விற்பதற்காகப் பிற்காலத்தில் பூசப்பட்ட நீர்வண்ணம் இது. ஆகவே உங்கள் தாள் பழையதாகவே இருக்கலாம், அதன்மேல் உள்ள வண்ணம் மட்டும் பழையதல்ல. சிவப்புக் காலுறையால் பெயர்பெற்ற அணியின் படம் கைக்கு வந்தால் தூரிகை சும்மா இருக்காது என்பது புரிகிறது. ஆனால் எந்தக் கோடுகளுக்காக இந்தத் தாள்களைச் சேர்க்கிறோமோ அந்தக் கோடுகளையே மங்கச் செய்வதால், இந்தப் பூச்சு எனக்கு உவப்பானதல்ல.

அந்தக் கோடுகள் எப்படி உருவாயின என்று தெரிந்துகொண்டால் தாளைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும். லண்டனில் ஜான் நியூபெரி 1744இல் முதலில் வெளியிட்ட சிறுவர் நூல் ஒன்றில், பேஸ்பால் என்ற பெயரோடு, கம்பங்களுக்கு அருகே சிறுவர்கள் நிற்கும் சின்னஞ்சிறு படம் ஒன்று உண்டு. அது மரத்தை நெடுக்காக அறுத்த பலகையில் கத்தியால் வெட்டும் பழைய முறையைச் சேர்ந்தது. வார இதழ்களின் படங்களோ, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் தாமஸ் பியூயிக் பரவலாக்கிய முறைப்படி, பாக்ஸ்வுட் மரத்தைக் குறுக்காக அறுத்த முகத்தில் கூரிய சிற்றுளியால் செதுக்கப்பட்டவை. குறுக்குமுகம் மிகக் கெட்டியானது என்பதால் மயிரிழை போன்ற கோடுகளையும் அதில் எடுக்க முடிந்தது. ஆனால் பாக்ஸ்வுட் பெருத்து வளரும் மரமல்ல. ஒரு பக்கம் முழுவதும் பரவும் படத்துக்குச் சிறு கட்டைகள் பலவற்றைத் திருகாணியால் இணைத்தாக வேண்டும். இணைத்த கட்டையின்மேல் ஓவியர் படத்தை வரைந்ததும் அதைத் தனித்தனியாகக் கழற்றி, வானத்தை ஒருவர், கூட்டத்தை ஒருவர், முகங்களைத் தேர்ந்த கைக்காரர் ஒருவர் என்று பகிர்ந்துகொண்டு இரவோடு இரவாகச் செதுக்குவார்கள். பிறகு மீண்டும் பூட்டி, இணைப்புகளைத் தாண்டிச் செல்லும் கோடுகளைத் தலைமைச் செதுக்காளர் சரிசெய்வார். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால், பார்வையாளர் கூட்டத்தின் நடுவே காரணமில்லாமல் நேராக ஓடும் மெல்லிய வெள்ளைக்கோடு சில தாள்களில் தென்படும். அது கட்டைகள் சேர்ந்த இடம். குறை என்று பலர் ஒதுக்கும் அந்தக் கோட்டைக் காண்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

ஈய எழுத்துகளின் உயரத்துக்கே கட்டையும் இருந்ததால் படத்தையும் செய்தியையும் ஒரே அச்சில் பூட்டி ஒன்றாக அடிக்க முடிந்தது. வார இதழ்கள் மரத்தை விடாமல் பற்றியிருந்ததற்கு இதுவே காரணம். 1855இல் ஃபிராங்க் லெஸ்லி நியூயார்க்கில் தொடங்கிய படச் செய்தித்தாளும், 1857இல் வந்த ஹார்ப்பர்ஸ் வீக்லியும் இந்தத் தொழிலின்மேல் நின்றவை. புகைப்படத்தைப் புள்ளிகளாக்கி அச்சிடும் முறை 1890களில் பரவியதும் செதுக்காளர்களின் காலம் முடிந்தது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். படத்தைத் தெரிந்துகொள்வதற்கு மட்டும் என்றால் திரையே போதும். நியூயார்க் பொது நூலகத்துக்கு 1921இல் வந்துசேர்ந்த ஸ்பால்டிங் பேஸ்பால் சேகரிப்பிலும், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திலும் நீங்கள் ஓர் ஆண்டு முழுதும் பார்த்தாலும் தீராத அளவுக்குப் படங்கள் இருக்கின்றன. தாள் தருவது வேறு. 1859 அக்டோபர் 15 தேதியிட்ட ஹார்ப்பர்ஸ் வீக்லியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜார்ஜ் பார் தலைமையில் கடல்கடந்து வந்த ஆங்கிலேயக் கிரிக்கெட் அணி, உங்கள் ஊர்ப்பக்கமான ஹோபோகனில் 22 அமெரிக்க ஆட்டக்காரர்களை எதிர்த்து ஆடியது அந்த மாதத் தொடக்கத்தில்தான். அந்த ஆட்டத்தின் படத்தை வெளியிட்ட அதே இதழ், ஹோபோகனின் எலிசியன் ஃபீல்ட்ஸ் மைதானத்தில் நடக்கும் பேஸ்பால் ஆட்டத்தின் படத்தையும் வெளியிட்டது. பேஸ்பால் படத்தை மட்டும் வெட்டி எடுத்துச் சட்டமிட்டால் அது தேசிய விளையாட்டின் பிறப்புச் சான்றிதழாகத் தோன்றும். இதழை முழுமையாகக் கையில் வைத்துப் பார்த்தால், எந்த விளையாட்டு நிலைக்கும் என்பது முடிவாகாத ஒரு காலம் தெரியும். கிரிக்கெட்டில் வளர்ந்த நமக்கு அந்தக் காலத்தின்மேல் கூடுதல் ஆர்வம் இருப்பது இயல்புதான். ரெட் ஸ்டாக்கிங்ஸின் தலைவர் ஹாரி ரைட்டே ஷெஃபீல்டில் பிறந்தவர், ஊதியம் பெற்றுக் கிரிக்கெட் ஆடியவர்.

படங்களைக் கொஞ்சம் ஐயத்தோடும் படிக்க வேண்டும். பந்தைத் தாழ்கையாக எறியும் பிட்சர், மட்டையாளருக்குப் பின்னால் கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் நன்றாகத் தள்ளி நிற்கும் கேட்சர், உயரத் தொப்பியோடு பக்கவாட்டில் நிற்கும் அம்பயர் ஆகியவை நம்பத்தக்க விவரங்கள். தேதி இல்லாத தாளின் காலத்தைக் கணிக்கவும் அவை உதவும். ஆனால் ஆட்டக்காரர்கள் எல்லோரும் ஒருசேர அழகாக நிற்கும் அந்த ஒழுங்கு ஓவியர் அமைத்தது. இதற்குச் சிறந்த சான்று மரச்செதுக்கில் இல்லை, கல்லின்மேல் வரைந்து அச்சிடும் கல்லச்சில் (லித்தோகிராஃப்) இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் பிடிபட்டு, வட கரோலினாவின் சாலிஸ்பரி சிறையில் இருந்த ஓட்டோ போட்டிச்சர் என்ற படையதிகாரி, அங்கே கைதிகள் பேஸ்பால் ஆடியதை வரைந்தார். அது 1863இல் நியூயார்க்கில் வண்ணக் கல்லச்சாக வெளிவந்தது. பூங்காவில் கழியும் விடுமுறை நாள் என்றே அதைப் பார்ப்பவர் நினைப்பார். 1862இன் சாலிஸ்பரிக்கு அது ஓரளவு உண்மையாகவே இருந்திருக்கும். 1864இன் இறுதியில் கைதிகள் அடைத்து நிரப்பப்பட்டு ஆயிரக்கணக்கில் மடிந்த இடமும் அதுவே.

கல்லச்சு என்றதும், அத்தகைய படங்களை அச்சிட்டு விற்ற கர்ரியர் அண்ட் ஐவ்ஸ் நிறுவனத்தின் பெயர் உங்கள் காதில் விழும். எலிசியன் ஃபீல்ட்ஸில் நடந்த சாம்பியன்ஷிப் ஆட்டத்தைக் காட்டும் அவர்களுடைய 1866ஆம் ஆண்டுப் படமும், லிங்கனையும் அவருடைய மூன்று போட்டியாளர்களையும் மட்டையோடு நிறுத்திய 1860ஆம் ஆண்டுத் தேர்தல் கேலிச்சித்திரமும் எல்லோரும் தேடுபவை. இங்கே வண்ணம் குற்றமல்ல. கருப்பில் அச்சிட்டு, அச்சகத்திலேயே கையால் வண்ணம் தீட்டி விற்பது அவர்களின் வழக்கம். ஆபத்து மறுபதிப்புகளில் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் காப்பீட்டு நிறுவனத்தின் நாட்காட்டிகளுக்காகக்கூட இந்நிறுவனத்தின் படங்கள் ஏராளமாக மறு அச்சாயின. பூதக்கண்ணாடியின் கீழே வரிசை தவறாத புள்ளிகள் தெரிந்தால் அது மறுபதிப்பு. மூலத்தில் ஒழுங்கற்ற மணல்போன்ற பரப்புதான் தெரியும். படத்தின் அளவை நூலகப் பதிவிலுள்ள அளவோடு ஒப்பிடாமல் பணம் கொடுக்காதீர்கள்.

எதை வாங்குவது என்றால், கல்லச்சுகளை நூலகத்தில் பார்த்து மகிழுங்கள். அவற்றின் விலை தொடங்குபவருக்கு ஏற்றதல்ல. ஹார்ப்பர்ஸ் வீக்லியின் விற்பனை உள்நாட்டுப் போர்க்காலத்திலேயே லட்சத்தைத் தாண்டியிருந்தது என்பதால் அதன் இதழ்கள் அரியவை அல்ல. வெட்டாத, வண்ணம் பூசாத, முழு இதழாக வாங்குங்கள். ஒரு தொகுதியைப் பிரித்தவரிடமிருந்து தனித்தாளை வாங்கும்போது அடுத்த தொகுதியைப் பிரிப்பதற்கும் நாமே பணம் கொடுக்கிறோம். 1860களின் இதழ்கள் கந்தல் துணிக்கூழில் செய்த தாளில் அச்சானவை, இன்றும் பெரும்பாலும் வெளுப்பாகவே இருக்கும். மரக்கூழ் கலந்த பிற்காலத் தாள்கள் பழுப்பேறி மடிப்பில் உடையும் என்பதால் அவற்றை வாங்குமுன் மடிப்பைப் பார்த்துவிடுங்கள். கையில் இருக்கும் ரெட் ஸ்டாக்கிங்ஸ் தாளின் வண்ணத்தைக் கழுவ முயல வேண்டாம், தாள் பாழாகும். அமிலமற்ற அட்டையில் வைத்து, வெயில் படாத சுவரில் மாட்டி மகனுக்குக் கொடுத்துவிடுங்கள்.